எழுந்து நின்றவன்

லிப்னிக்,
4 பிப்ரவரி 2006

அன்புள்ள அண்ணன் கொய்கோவுக்கு,

இன்று ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் அண்ணியும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று தொடங்குவது வழக்கம். முதல் பாதியில் உயிரோடு என்பது மட்டும் உண்மை.

நவம்பரில் அம்மாவின் சிறுநீரகங்கள் நின்றுபோனதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடியுமுன் வேன் வருகிறது. நம் பக்கத்தில் டயாலிசிஸ் இயந்திரம் மலைக்கு அந்தப் புறம்தான் இருக்கிறது. போக இரண்டரை மணி நேரம், வர அதற்கு மேல். இன்று கணவாயில் பனி மூடி வேன் பாதியில் திரும்பிவிட்டது. மதியம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நம் ஆம்புலன்ஸ் அவளைப் பாலத்தின் நடுவரை கொண்டுபோனது. போருக்குப் பின் ஆற்றின் அந்தக் கரை வேறு மக்களுடையது, அதற்கு மேல் போக அதற்கு உரிமை இல்லை. அக்கரை ஆம்புலன்ஸ் வந்தது. பாலத்தின் நடுவில், காற்றில், அம்மாவை ஒரு ஸ்ட்ரெச்சரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அக்கரை மருத்துவமனைக்கு ஐந்து நிமிடம்.

அங்கே நர்ஸ் முனிரா. போருக்கு முன் என்னிடம் வேதியியல் படித்தவள். "அவசர கேஸ்னு போட்டுக்கறேன் டீச்சர். ஒரு தடவை போடலாம், ரெண்டு தடவை போடலாம். அப்புறம் எங்க டைரக்டர் என்னைக் கேப்பாரு," என்றாள். பிறகு ஊசியைப் பொருத்திக்கொண்டே கேட்டாள்: "ஒப்பந்தம் எழுதி ரெடியா கெடக்கு. உங்க அண்ணன் ஒரு கை தூக்கினா போதும்ங்கறாங்க. பெத்த அம்மா டீச்சர். ஏன் தூக்க மாட்டேங்கறாரு?"

நம் நோயாளிகளை அக்கரை மருத்துவமனையில் சேர்க்க இரு பக்கக் காப்பீட்டு நிதிகளும் ஒப்பந்தத்தை எழுதி வைத்துவிட்டன. சட்டமன்றம் ஏற்க வேண்டும். அங்கே நம் மக்களின் குழுவுக்கு நீதான் தலைவன். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

அண்ணிக்கு என் அன்பு.
சென்கா


பான்யாலுகா,
21 பிப்ரவரி 2006

அன்புத் தங்கை சென்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. போனில் பேசாமல் எழுதியது நல்லது. என் போனை நாலு பேர் ஒட்டுக் கேட்கிறார்கள்.

அம்மாவை நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. ஒப்பந்தம் பரிசீலனையில் இருக்கிறது. நீ படித்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை: ஒரு கதவைத் திறந்தால் பத்துக் கதவு திறக்கும். இன்று மருத்துவமனை, நாளை பள்ளி, நாளை மறுநாள் போலீஸ். நாம் எதற்காக இத்தனை பேரை இழந்தோம் என்று நம்மவர்கள் கேட்பார்கள். நிதானம் வேண்டும்.

அம்மாவுக்கு டிரைவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். ஆரஞ்சு, வாழைப்பழம், உலர்ந்த பிளம்ஸ். நன்றாகச் சாப்பிடச் சொல், தெம்பு வரும்.

அம்மாவின் கைகளுக்கு என் முத்தம்.
கொய்கோ


லிப்னிக்,
5 மார்ச் 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சுகம் அறிந்து மகிழ்ச்சி. பெட்டி வந்தது.

ஆரஞ்சிலும் வாழைப்பழத்திலும் பிளம்ஸிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நின்றவர்களுக்கு அது இதயத்தை நிறுத்தும். நவம்பரில் டாக்டர் கொடுத்த தாளை உனக்கும் அனுப்பியிருந்தேன். பழங்களைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். பிளம்ஸை மட்டும் அம்மா விடவில்லை. "புள்ள அனுப்பினது. நான் திங்கல, பாத்துக்கிட்டு இருக்கேன். உனக்கென்னடி?" என்கிறாள். பெட்டி அவள் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது.

ஸ்வியான் இறந்துவிட்டார். ரயில்வேயில் இருந்தாரே, உயரமானவர், அம்மாவோடு வேனில் வருவார். வியாழக்கிழமை திரும்பி வரும்போது அம்மாவின் தோளில் தலை சாய்த்திருக்கிறார். "தூங்கறார்னு நெனச்சேன்டி. வண்டி பள்ளத்துல குதிக்கறப்பல்லாம் முழிச்சிடப் போறார்னு தலையைப் புடிச்சிக்கிட்டே வந்தேன்," என்றாள் அம்மா. லிப்னிக் வந்து டிரைவர் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

ரெஃபிக் சொல்லி அனுப்பியிருக்கிறார். நூல் ஆலையில் அம்மாவோடு ஒரே ஷிப்டில் இருபது வருடம் வேலை பார்த்தவர், நீ மறந்திருக்கமாட்டாய். அக்கரையில் அவர் வீட்டு முகவரியில் அம்மாவைப் பதிந்துகொண்டால் அந்தப் பக்கத்துக் காப்பீடு கிடைக்கும், டயாலிசிஸும் கிடைக்கும். ஓய்வூதியத்துக்கும் கார் நம்பருக்கும் இரு கரையிலும் பாதிப் பேர் செய்வதுதான். எனக்குப் பொய் முகவரி பிடிக்காது. முதலில் உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
சென்கா


பான்யாலுகா,
2 ஏப்ரல் 2006

அன்புத் தங்கைக்கு,

நலம். அவசரத்தில் எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் அமர்வுக்கு வருகிறது. என் கையில் விடு. முகவரி, ரெஃபிக், அதெல்லாம் வேண்டாம். நம் குடும்பத்துக்கு அது அழகில்லை.

ஒரு நல்ல செய்தி, இப்போதைக்கு உனக்கு மட்டும்: தேர்தலுக்கு முன் லிப்னிக்கில் நமக்கென்று ஒரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டுகிறோம். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு முத்தங்கள்.
கொய்கோ


லிப்னிக்,
3 மே 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிறேன்.

அமர்வுச் செய்தியை ரேடியோவில் கேட்டோம். ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. நம் மக்களின் உயிர்நலனுக்குக் கேடு என்று நம் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து வெட்டுரிமையைப் பயன்படுத்தி அதைத் தடுத்துவிட்டாராம். யார் என்று ரேடியோ சொல்லவில்லை. உயிர்நலன் என்ற சொல் வந்தபோது அம்மா வலது கையை மடியில் வைத்து இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள். ஊசி குத்தும் கை.

"கொய்கோ அன்னிக்கு உடம்பு சரியில்லாம வீட்டுல இருந்திருப்பான். அவன் இருந்தா விட்டிருப்பானா?" என்றாள். நீதான் சொல்லவேண்டும். எழுந்தவர் யார்?

உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். அமர்வில் நடந்ததே உன் பதில் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே அம்மாவை ரெஃபிக் வீட்டு முகவரியில் பதிந்துவிட்டேன். இப்போது காலை காபிக்குப் பிறகு கிளம்புகிறோம், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அவளுக்குக் கொடுத்திருக்கும் நாற்காலி ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம் வீட்டுக் கூரை தெரிகிறது. "ஓடு ரெண்டு நகந்திருக்கு, கீழ இருந்து பாத்தா தெரியல," என்று கண்டுபிடித்துவிட்டாள். ரெஃபிக் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஆலையில் யார் யாரைக் காதலித்தார்கள் என்று பட்டியல் போடுகிறார். அம்மா சிரிக்கிறாள். கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது.

இதைக் கேட்டு நீ மகிழ்வாய் என்று நம்ப விரும்புகிறேன்.
சென்கா


லிப்னிக்,
14 ஜூன் 2006

அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகம்தானே?

இன்று ஆசிரியர் அறையில் என் மேஜை மேல் யாரோ செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்கள். நம் பக்கத்திலேயே உன்னை எதிர்த்து நிற்கும் மிலென்கோ கட்சியின் தாள். "தலைவரின் தாய் அக்கரை வாக்காளர்." முகவரி மாறினால் வாக்காளர் பட்டியலிலும் பெயர் தானாக மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் வாக்குக் கணக்காக இருக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் ரத்தத்தில் யூரியா அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தவறு.

அம்மா நலம். அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.
சென்கா


பான்யாலுகா,
19 ஜூன் 2006

சென்கா,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

"என் தவறு" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். அதை நான் நாற்பது கூட்டத்தில் கழுவ வேண்டும். மிலென்கோ மேடையில் என்ன சொல்கிறான் தெரியுமா? "சொந்த அம்மாவையே புடிச்சு வைக்கத் தெரியாதவன், நம்ம நெலத்தையா புடிச்சு வைக்கப் போறான்?" ஜனம் கை தட்டுகிறது. பதினான்கு வருடம் நான் கட்டியதை நீ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உடைத்துவிட்டாய்.

வெட்டுரிமையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அன்று எழுந்து நின்றிருக்காவிட்டால் மிலென்கோவின் ஆள் எழுந்து நின்றிருப்பான். முடிவு ஒன்றுதான், பெயர் மட்டும் அவனுக்குப் போயிருக்கும். அரசியல் என்றால் இது. நீ அதைச் சோதனைக்குழாய் என்று நினைக்கிறாய்.

பட்டியல் ஜூலைக் கடைசியில் மூடப்படுகிறது. அதற்குள் அம்மாவின் முகவரியைப் பழைய இடத்துக்கு மாற்று. தேர்தல் முடியும்வரை மட்டும். வேனுக்குப் புது டயர் போடச் சொல்கிறேன். வேண்டுமானால் என் காரையே அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டாதே. என் முத்தங்களை மட்டும் சொல்.
கொய்கோ


லிப்னிக்,
27 ஜூன் 2006

அண்ணனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறாள், ஏனென்றால் அவள் அக்கரையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள்.

உன் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். வழக்கமாக முத்தங்களை மட்டும். இந்த முறை பக்கம் திருப்பும் சத்தத்தை அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். "இத்தனை பக்கத்துக்கும் முத்தம்தானா எழுதியிருக்கான்? முழுசாப் படிடி," என்றாள். படித்தேன். நீ எழுந்து நின்ற இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். அதையும் படித்தேன்.

பிறகு, "அந்தப் பெட்டியை எடுத்துப் போட்டுடு. பூச்சி வைக்குது," என்றாள். பிளம்ஸில் பூச்சி இல்லை. எடுத்துப் போட்டேன்.

இப்போது என் பங்கு. யார் எழுந்தாலும் முடிவு ஒன்றுதான் என்கிறாய். அப்படியானால் நீ உட்கார்ந்தே இருந்திருக்கலாம். அந்த அறையில் உட்கார்ந்திருக்க ஒருவனுக்கு மட்டுமாவது காரணம் இருந்தது. அவன்தான் முதலில் எழுந்தான். உயிர்நலன் என்று நீ சொன்னது எந்த உயிர் என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உன் பதவியின் உயிர் என்று நான் உன் பக்கம்தான் கையைக் காட்டியிருப்பேன்.

ஸ்வியானும் நம் மக்கள்தான். உனக்கு நான்கு முறை வாக்குப் போட்டவர்.

ரெஃபிக்கைப் பற்றி "அதெல்லாம்" என்று எழுதியிருந்தாய். போரில் வீடு திரும்பாத அவர் மகனைப் பற்றி நான் எழுதமாட்டேன். அவர் என்னிடம் கேட்டதில்லை. நீ அவரைப் பார்க்கும்போது அவர் உன்னிடம் கேட்காமல் இருப்பதை மட்டும் கவனி.

முகவரியை மாற்றமாட்டேன்.
சென்கா


பான்யாலுகா,
11 ஆகஸ்ட் 2006

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே கடும் வெயில். அண்ணி கடலுக்குப் போயிருக்கிறாள், எனக்கு நேரமில்லை. கூட்டங்கள் நன்றாக நடக்கின்றன. அடிக்கல் நாட்டு விழாவுக்கு நிறைய ஜனம் வந்தது. நீ வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கோபத்தில் எழுதியதை மறந்துவிடுவோம். நமக்கு இருப்பது ஒரே அம்மா.

முத்தங்களுடன்,
கொய்கோ


லிப்னிக்,
20 ஆகஸ்ட் 2006

அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஜூலைக் கடைசி வாரம் அக்கரைப் போலீசார் ரெஃபிக் வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலைக் காட்டச் சொன்னார்கள். கட்டில் இல்லை. பதிவை ரத்து செய்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் ரெஃபிக்கின் உறவு. "எங்களுக்கு இதுல என்ன இருக்கு மாமா? ரெண்டு பக்கத் தலைவருங்களும் சேந்து சாப்பிட்டிருக்காங்க, நாங்க தட்டு கழுவறோம்," என்றாராம். ஒரு ஒப்பந்தத்துக்காக ஒரே மேஜையில் உட்கார முடியாத நீங்கள் இதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இப்போது மறுபடியும் மலைப்பாதை. டயர் பழையதுதான்.
சென்கா


பான்யாலுகா,
4 டிசம்பர் 2006

அன்புத் தங்கைக்கு,

நலமா? தேர்தல் முடிவுக்கு நீ ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. பரவாயில்லை.

19ஆம் தேதி நம் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் நாள். அப்பா போன பிறகு ஒரு வருடமும் நான் தவறியதில்லை. இந்த முறை தொலைக்காட்சிக்காரர்களும் வருகிறார்கள். வீட்டில் விழாவை எப்படிக் கொண்டாடுகிறோம் என்று ஒரு நிகழ்ச்சி. அம்மாவை முன்னறையில் அந்தக் கறுப்பு நல்ல உடையில் உட்கார வை. ரொட்டி, அவித்த கோதுமை, மெழுகுவத்தி எல்லாம் பழைய முறைப்படி இருக்கட்டும். ஊரே வரும், மேஜையைப் பெரிதாகப் போடு.

கொய்கோ


லிப்னிக்,
20 டிசம்பர் 2006, புதன்

அண்ணனுக்கு,

நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நேற்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். ஆனால் இரவுச் செய்தியில் காட்டியது மெழுகுவத்தியும் அதை ஏற்றும் உன் கையும் மட்டும்தான். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

மேஜையை நாற்பது பேருக்குப் போட்டேன். அம்மாவின் உத்தரவு. "எவன் மேல கோவமோ இருக்கட்டும். புனிதர் நாள்ல வர்றவங்களுக்கு தட்டு ஒண்ணு கொறையக் கூடாது," என்று தன் கையாலேயே ரொட்டி பிசைந்தாள். நேற்று செவ்வாய். ஐந்து மணிக்கு வேன் வந்தது, போனாள்.

பதினொரு மணிக்கு நீ வந்தாய். அம்மா எங்கே என்றாய். செவ்வாய் என்றேன்.

"ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

"முடியாது."

"இவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"செவ்வாய்னு சொல்லு."

புனிதர் நாளுக்கு நம் ஊரில் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வர வேண்டியவர்கள் வருவார்கள். கடைசி விருந்தாளி எழும்வரை வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது. நீ மெழுகுவத்தி பக்கத்தில் நின்றாய். பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. யாரும் வரவில்லை. கேமராக்காரர் சுவரைப் படம் எடுத்தார், கோதுமையைப் படம் எடுத்தார். இதை நான் ஏற்பாடு செய்தேன் என்று நீ நினைத்ததை உன் முகத்தில் பார்த்தேன். நான் யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மார்ச்சில் ஸ்வியானின் அடக்கத்துக்கு இந்த ஊர் முழுவதும் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றரைக்கு ரெஃபிக் வந்தார். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்தான். அரைக் கிலோ காபித் தூளை என்னிடம் கொடுத்துவிட்டு, நாற்பது காலி நாற்காலிகளில் நடுவில் ஒன்றில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கீங்களா ரெஃபிக்?" என்றாய்.

"இருக்கேன் கொய்கோ. வீடும் அங்கேயேதான் இருக்கு. காகிதத்துலதான் அங்க ஆளு யாரும் தங்க முடியாதுன்னு எழுதிட்டாங்க."

கேமராவை அணைக்கச் சொன்னாய். ரெஃபிக் காபியை மெதுவாகக் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். உன் டிரைவர் இரண்டு முறை கதவில் வந்து நின்றான். விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார், நீ நின்றாய். அவர் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நீ கவனித்தாய் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு அவர் எழுந்தார். நீ உட்காராமலே கிளம்பினாய். உன் கார் முனை திரும்பியதும் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. பிறகு எதிர்வீடு. பிறகு ஸ்வியானின் மனைவி. இருட்டுவதற்குள் நாற்காலி போதவில்லை.

வேன் வந்தபோது அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார்கள். கோட்டைக் கழற்றாமல் கேட்டாள்:

"வந்தானா?"

"வந்தான்."

"நின்னானா?"

"நின்னான். ரெஃபிக் போற வரைக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு காபி."

அம்மா சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

இதை நாளை தபாலில் சேர்ப்பேன். பனி விழ ஆரம்பித்திருக்கிறது.

21 டிசம்பர், வியாழன்

கணவாய் மூடிவிட்டது. வேன் கிளம்பவே இல்லை. நம் ஆம்புலன்ஸ் அம்மாவைப் பாலத்தின் நடுவரை கொண்டுபோய் நின்றது. அக்கரை ஆம்புலன்ஸ் வரவில்லை. அவசர நோயாளிகளையும் எடுக்க வேண்டாம் என்று அவர்களுடைய புதுத் தலைமையிடமிருந்து நேற்று உத்தரவாம். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு ரெஃபிக் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். அவரும் நானும் பனியில் தள்ளிக்கொண்டு போனோம். நம் போலீசும் அவர்கள் போலீசும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனிரா, அம்மாவின் பெயரை எங்கும் எழுதாமல் அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து ஊசியைப் பொருத்தினாள். மாலை நான்கு மணிக்கு முடிந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள்.

முனிரா இந்த முறை உன்னைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சென்கா